கூட்டினால் எவ்வளவு?

தெருவே அவளை ஆபீசரம்மா என்றுதான் கூப்பிட்டது. மடிப்புக் கலையாத உடையில், தோள்பையோடு தினமும் பஸ் ஏறுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த நீலச் சீருடைக் கோட்டை யாரும் பார்த்ததில்லை. ஆபீசின் எல்லா மாடிகளையும் கூட்டித் துடைப்பதுதான் அவள் வேலை. பெற்ற மகளுக்குக்கூட அது தெரியாது. தெரியவே கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

மகளுக்கு நாலு வயது. பள்ளிக்குப் போகும் முன்பே கணக்கு வந்துவிட வேண்டும் என்று தவித்தாள் தாய். ஆபீசில் அறுந்துபோய்க் கழித்துப் போட்ட, பாசிமணி கோத்த வாசல் திரையைக் கேட்டு வாங்கி வந்தாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மணிகளைக் கம்பியில் கோத்தாள். இரண்டு மணிக் கம்பிக்குப் பச்சை, மூன்று மணிக் கம்பிக்கு ரோஸ். வர்ணமெல்லாம் நகப்பூச்சு உபயம்! கடையில் விலை கேட்டாலே தலை சுற்றும் மாண்டிசோரி கணக்குச் சாமான், வீட்டிலேயே பிறந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குத் தைத்த கவுனைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"வாலு, இங்க பாரு. இது ரெண்டு. இது மூணு. ரெண்டு கம்பியையும் கூட்டு பாக்கலாம்!" என்றாள் ஆபீசரம்மா.

குழந்தை யோசித்தது. குடுகுடுவென்று ஓடி, கதவிடுக்கிலிருந்து துடைப்பத்தை இழுத்து வந்தது. முதுகை வளைத்து, இரண்டு கம்பிகளையும் ஒரே இடத்தில் கூட்டித் தள்ளியது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி என் பட்டு! அம்மா வேலையை இப்பவே கத்துக்கிட்டியா?"

பளார்!

பிஞ்சுக் கையில் விழுந்த அடியில் துடைப்பம் தெறித்து விழுந்தது.

"என் பொண்ணு இதைத் தொடக் கூடாது! ஆபீஸ்ல நான் கூட்டுறது பத்தாதா? உங்களுக்கு யாரு சொன்னாங்க அக்கா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "எந்த ஆபீசு? நான் வீடு கூட்டுறதைத்தானே சொன்னேன்?"

ஐயோ! இத்தனை காலம் மூடி வைத்ததைத் தன் வாயாலேயே கொட்டிவிட்டாளே! முகம் தீயாய் எரிந்தது. தலை தானாகத் தொங்கியது.

"நீதானேம்மா கூட்டச் சொன்னே?" என்று விம்மியது குழந்தை.

அந்தக் கேள்வியில் நொறுங்கிப்போனாள். வேலையை நினைத்துக் கூசியவள், குழந்தையின் கையில் சிவந்திருந்த தன் விரல் தடத்தைப் பார்த்துக் கூனிக் குறுகினாள்.

"பிள்ளையைப் பாரு முதல்ல. நான் எங்கேயும் போய் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள் அக்கா, தணிந்த குரலில்.

தாய் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா ஆபீஸ்ல கூட்டுற வேலைதான்டி கண்ணு பாக்குறேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அழுகை நின்றது. கண்கள் விரிந்தன. "அவ்ளோ பெரிய ஆபீசையுமா? கூட்டினா எவ்வளவும்மா வரும்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபீசரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதல்ல இந்த மணியை எண்ணு" என்றாள், அடித்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.