மூன்று பக்கம் கண்ணாடி, முன்பக்கம் அக்ரிலிக்

ஆஸ்பத்திரியின் பதிவு ஜன்னலில் உட்காருகிறவளுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் சமாதானம். ஒரே ஜன்னலுக்கு இரண்டு வரிசை வந்து மல்லுக்கு நின்றால், இதில் ஒருத்தர் அதில் ஒருத்தர் என்று மாற்றி மாற்றிச் சீட்டுக் கொடுப்பாள். யாருக்கும் கோபம் குறையாது. ஆனால் இரண்டு வரிசைக்கும் கோபம் சமமாக இருக்கும். அதற்குப் பெயர்தான் நியாயம் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் அதே கதை. கணவர் கண்ணாடிக் கடைக்காரர். தம்பி அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவன். அடுத்தவர் தொழிலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று இருவருக்கும் நினைப்பு. ஹால் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு, சமையலறை அலமாரிக்கு அக்ரிலிக் கதவு என்று இவள் வீட்டையே பங்கு பிரித்து வைத்திருந்தாள்.

இந்த லட்சணத்தில் மீன் வேறு வளர்ந்துவிட்டது.

விரல் நீளத்தில் வாங்கிய ஆஸ்கர் மீன். பெயர் மேனேஜர். முறைத்துப் பார்ப்பதும் தின்பதும் தவிர வேறு வேலை கிடையாது. இப்போது அதன் நீளமும் தொட்டியின் அகலமும் ஒன்றாகிவிட்டதால், திரும்ப வேண்டுமென்றால் வாலை மடக்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்து வந்தால் ஓடிவந்து முகம் காட்டுகிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். ஆறடித் தொட்டி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தாள்.

"கண்ணாடிதான். எத்தனை வருஷம் ஆனாலும் பளிச்சுன்னு இருக்கும். அவன் சரக்கு துணி பட்டாலே கீறும்" என்றார் கணவர்.

"அக்கா, கண்ணாடி செம கனம். ஒரு இடி இடிச்சா ஹால் முழுக்கத் தண்ணி. என்னோடது பாதி எடைதான், லேசுல உடையாது."

"உடையாது மாப்ள, வளையும். தண்ணி நிரப்பினா என்னை மாதிரி தொப்பை போடும்."

இரண்டு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு அவள் தீர்ப்புச் சொன்னாள். அடியும் மூன்று பக்கமும் கண்ணாடி, முன்பக்கம் மட்டும் அக்ரிலிக். இருவர் முகத்திலும் கோபம் சமமாக இருந்தது. தீர்ப்பு சரிதான் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த சண்டை பசைக்கு. அவர் சிலிக்கான் கொண்டுவந்தார், அவன் அக்ரிலிக்கை ஒட்டுகிற திரவம் கொண்டுவந்தான். அதையும் பிரித்தாள். உள்பக்கம் அவர் பசை, வெளிப்பக்கம் இவன் பசை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வாயைத் திறக்கவில்லை.

நான்கு நாள் காயவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தொட்டியை நகர்த்தி, மேனேஜரைக் குளியல் தொட்டிக்கு மாற்றிவிட்டுப் புதியதில் தண்ணீர் விட்டார்கள். பாதி வரை மானம் காத்தது. முக்கால் ஆனதும் முன்பலகை வயிறு தள்ளியது. சிலிக்கான் நாடா நாடாவாக உரிந்து வந்தது. பிறகு மொத்தத் தண்ணீரும் சோபாவை நனைத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பியது.

"உன் பலகைல சிலிக்கான் நிக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்டா!"

"என் பசை கண்ணாடியைப் பிடிக்காதுன்னு எனக்கும் தெரியும் மாமா!"

"தெரிஞ்சா ஏன் ரெண்டு பேரும் சொல்லல?" என்றாள் அவள், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி.

"நீதானே பாதி பாதின்னு சொன்னே" என்றார் கணவர். தம்பியும் தலையாட்டினான். அவள் கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சலாக வந்தது, அதுவும் தன்மேலேயே. தண்ணீர் நிரம்புவதற்குள் அவசரப்பட்டு மேனேஜரை இதில் விட்டிருந்தால் இந்நேரம் சோபாவுக்கு அடியில் துடித்துக்கொண்டிருக்கும்.

"முழுக்கக் கண்ணாடி" என்றாள்.

கணவரின் மீசை உயர்ந்தது.

"ரொம்பப் பூரிக்காதீங்க. பாசியைத் தேய்க்கப்போறது நான். அக்ரிலிக்ல தேய்ச்சா கீறல் விழும். நாம இருக்கறது கீழ்வீடு, கனம் ஒரு கவலை இல்ல. அவ்வளவுதான் காரணம்."

"மூடியாவது நான் செய்யட்டுமாக்கா?" என்றான் தம்பி.

சரி என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"மூடியும் கண்ணாடிதான். ஈரம் பட்டா உன்னோடது வளைஞ்சுக்கும்."

அவன் விருட்டென்று வெளியே போனான். அவள் குளியலறைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். மேனேஜர் வாலை மடக்காமல் ஒரு முழுச் சுற்றுத் திரும்பி வந்து, வாயைத் திறந்தது. இரண்டு பிடி தீனி போட்டாள். வாசலில் தம்பி வண்டியைக் கிளப்பாமல், அக்கா சமாதானம் சொல்ல வருவாள் என்று உட்கார்ந்திருந்தான். அவள் போகவில்லை.