பாவா கொடுத்த கன்மெட்டல்

திருத்தணி கஜபதி காலையில் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினால் பொழுது சாயும்வரை ஊரிலுள்ள விசைத்தறிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பான். மோட்டாருக்கு பால் பேரிங். பளு இல்லாத இடத்தில் தண்டைத் தாங்கும் வளையமாக நைலான் புஷ்; அது எண்ணெய் கேட்காது, துணியில் கறையும் விழாது. ஆனால் தறியையே உதைத்து ஓட்டும் கிராங்க் தண்டுக்கு கன்மெட்டல் புஷ்தான் போடுவான். செம்பும் வெள்ளீயமும் கலந்தது, சுலபத்தில் தேயாது, தண்டையும் தின்னாது. அதில் யாராவது சிக்கனம் பேசினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவ்வளவு ரோஷம்.

யார் கொடுத்த புஷ்ஷானாலும் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, உள்ளே செம்மஞ்சள் தெரிந்தால்தான் மாட்டுவான். கங்காதரன் கொடுப்பதை மட்டும் அராவிப் பார்த்ததில்லை. அக்கா சந்திராவின் புருஷன், அரக்கோணத்தில் வீட்டோடு லேத் பட்டறை வைத்திருந்தவர். பாவா சரக்கில் அரம் வைப்பது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்று நினைத்தான் அந்தப் பைத்தியக்காரன்.

தொண்ணூற்றேழில் தறிகள் ஒவ்வொன்றாகக் கடகடக்க ஆரம்பித்தன. ஞானம்மாள் வீட்டில் தண்டு ஆடி, லுங்கிக்குப் போட்ட பாவு நூலே அறுந்துபோனது. கழற்றிய புஷ்ஷை கஜபதி அராவினான். மேலே செம்பு முலாம், உள்ளே வெளிறிய பித்தளை. அது பாவா கொடுத்தது.

நேராக அரக்கோணம் போனான். "இன்னா பாவா இது?"

"உடு கஜபதி, நான் பேசிக்கிறேன்."

பேசத்தான் செய்தார், மகராசன். பொதட்டூர்பேட்டையில் வீடு வீடாகப் போய், "நான் குடுத்தது அசல் கன்மெட்டல்ங்க. நடுவுல மாத்தினது யாருன்னு நீங்களே யோசிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த முறை போனபோது ஞானம்மாள் வாசலிலேயே மறித்தாள். "உள்ள வராதப்பா. வேற ஆளு வந்துகினு இருக்கான்."

பதினைந்து வருஷப் பேர் ஒரு வாரத்தில் போயிற்று. பட்டறையில் நடப்பதெல்லாம் அறிந்தவள் அக்கா. அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் நம்பும் என்று இருந்தான்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த சந்திராவை மலையடிவாரக் கூட்டத்தில் தேடிப் பிடித்தான்.

"அக்கா, பித்தளைய கடைஞ்சது யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"ஆங், தெரியும்."

"ஞானம்மாகிட்ட வந்து சொல்லேன்."

சந்திரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அது போன வாரமே என்னாண்ட வந்து கேட்டுச்சுடா."

"இன்னா சொன்ன?"

"நீதான் மாத்தினேன்னு சொன்னேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க கட்டிக் குடுக்கணும். நீ ஒண்டி ஆளு, எங்கனா பொழைச்சிக்குவ."

பாவா செய்த துரோகத்தைக்கூட அவன் எப்படியோ செரித்திருப்பான். இது அக்கா. பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். சந்திரா காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டாள். கஜபதி ஒதுங்கி அக்காவுக்கு வழி விட்டான்.