டொரதி அக்காவின் சிங்களம்

ஷிரோமிக்குச் சிங்களம் தெரியாது என்று டொரதி அக்கா நினைத்ததில் தப்பில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலியாணம் கட்டிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது, நன்றி சொல்கிற "ஸ்துதி" என்ற ஒரு சொல்லைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வராது. ஆனால் கடைசி இரண்டு வருஷமாகப் பல்லேகல கார்மென்ட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவளுக்குச் சிங்களம் வராமல் எங்கே போகும்? சுப்பவைசரின் ஏச்சிலேயே பாதி வந்துவிட்டது. அதை டொரதி அக்காவிடம் சொல்லிக்கொள்ளச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

டொரதி அக்கா சாமானியப்பட்ட ஆள் இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருஷமாக அட்டென்டன். அங்கே டொக்டர்மார் பலருக்குத் தமிழ் வராது, தோட்டத்துச் சனத்துக்குச் சிங்களம் வராது. "டொரதி!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு பக்கத்துக்கும் பேசிவிடுவார். அது அவருடைய வேலையே இல்லை. ஆனாலும் அவர் இல்லாமல் அங்கே ஒரு தமிழாளின் வயிற்றுவலியைக்கூடச் சொல்ல முடியாது. மாதா கோயிலிலும் அவர் வைத்ததுதான் சட்டம். ஷிரோமியைக் கிளின்ரனுக்குப் பேசி முடித்தவரும் அவர்தான், அவர்களுடைய மகள் ஷெரோனுக்கு ஞானத்தாயும் அவர்தான்.

கிளின்ரன் பூசையில் கீபோர்ட் வாசிக்கிறவன். அவன் வாசிப்பைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பெண்கள் கோயிலில் எத்தனையோ பேர். அந்தக் கை வீட்டில் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்!

நாலு வருஷத்துக்கு முன்னால் ஷிரோமியின் காது கிழிந்தது. அதற்கு அடுத்த வருஷம் விலா எலும்பு. இரண்டு தரமும் அவள் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள், இரண்டு தரமும் டொரதி அக்காவின் கையைப் பிடித்து அழுது நடந்ததைச் சொன்னாள். அக்கா டொக்டரின் மேசைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து இரண்டு தரமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் புள்ள. இது குடும்ப விஷயமாம், ஆஸ்பத்திரியால ஒண்ணும் செய்ய ஏலாதாம். அனுசரிச்சுப் போ."

படித்த மனுசருக்கே இரக்கம் இல்லை என்றால் வேறு யாரிடம் போவது என்று ஷிரோமி வாயை மூடிக்கொண்டாள். அந்த டொக்டர்மார் மேல் அவளுக்கு அப்படியொரு ஆத்திரம்.

இந்தச் சனிக்கிழமை காலையில் கிளின்ரன் இரும்புக் கம்பியைத் தூக்கினான். அவள் இடது கையை முகத்துக்கு நேரே உயர்த்தினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் சித்தி றலியா ஓடிவந்தபோது, வாசலில் நின்ற ஐந்து வயது ஷெரோன், யாரும் கேட்காமலே, "அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க" என்றாள். பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருந்தது. கையின் நோவைவிட அந்தச் சொல்தான் ஷிரோமியைப் பிடித்து உலுக்கியது. இனி இந்த வீட்டில் ஒரு நாளும் இருப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

சித்தி றலியா பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, அவளை த்ரீவீலில் ஏற்றி அனுப்பினாள். கிளின்ரன் விடவில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து ஆஸ்பத்திரி வாசல் வாங்கில் உட்கார்ந்துவிட்டான். கையைக் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்றால் அவன் பின்னால்தான் ஏறிப் போகவேண்டும். வார்டில் நிறுத்தினால் தப்பலாம். எல்லாம் டொக்டரின் வாயில் இருந்தது.

டொக்டர் ஒரு இளம் பெண். எக்ஸ்ரேயை ஏந்தியபடி கட்டிலுக்கே வந்து, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். கேள்வி ஷிரோமிக்குப் புரிந்தது. ஆனால் அழுகை வரும்போது பிறந்த பாஷைதானே வாயில் வரும்? தலைமாட்டில் நின்ற டொரதி அக்காவைப் பார்த்தாள்.

"அவருதான் கம்பியால அடிச்சாருக்கா. இனி நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். டொக்டர்கிட்ட சொல்லுங்க."

அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு டொக்டர் பக்கம் திரும்பினார். "நானகொட்ட லிஸ்ஸலா வெட்டுணா, டொக்டர்."

குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாளாம்!

டொக்டர் தலையை ஆட்டினாள். விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும் என்றாள். இது முன்கையின் நடுவில் உடைந்திருக்கிறது, அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவர்களுக்குத்தான் அநேகமாக இப்படி உடையும், வீட்டில் யாராவது அடித்தார்களா என்று திரும்பக் கேள், டொரதி, என்றாள். எல்லாம் சிங்களத்தில்தான். ஷிரோமி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டொரதி அக்கா குனிந்து, அன்பாக, "கை ரொம்ப வலிக்குதான்னு கேக்குறாங்க புள்ள" என்றார்.

அடிப்பாவி! ஷிரோமி டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்.

"வெட்டுணே நே, டொக்டர். மகே மஹத்தயா கெஹுவா."

விழவில்லை, என் புருஷன் அடித்தார் என்று சொல்லி முடித்ததும் டொரதி அக்காவின் கை அவள் தலையிலிருந்து தானாக விலகியது. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனை உள்ளே விடவேண்டாம் என்று வாசலுக்குச் சொல்லி அனுப்பினாள். வார்டில் நிறுத்துவதாகவும், ஆஸ்பத்திரியிலேயே இப்படியான பெண்களுக்கென்று 'நட்பு நிலையம்' இருக்கிறது, அங்கேயிருந்து ஒருவர் வந்து பேசுவார், பிள்ளையையும் கூட்டிவர வழி பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

ஷிரோமி வலது கையால் பையைத் துழாவி, பழைய ஆஸ்பத்திரிக் கார்ட்டுகள் இரண்டையும் எடுத்து நீட்டினாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று சிங்களத்திலேயே கேட்டாள். டொக்டர் வாசித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முதலாவதில், படியில் விழுந்தாள். இரண்டாவதில், குளிக்கும்போது வழுக்கி விழுந்தாள்.

ஆக, அவள் சொன்னது எதுவும் அந்த டொக்டர்மாருக்குப் போய்ச் சேரவில்லை, குடும்ப விஷயம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை.

"நான் பேசி முடிச்ச கலியாணம் புள்ள," என்றார் டொரதி அக்கா. "கோயில்ல நான் மொகத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஷிரோமிக்கு இப்போது அழுகை வரவில்லை.

"நாலு வருஷமா ஒவ்வொரு பூசையிலயும் அந்த டொக்டர்மார சபிச்சேன்க்கா," என்றாள். "ஒங்களுக்குத்தான் மெழுகுதிரி ஏத்துனேன்."