அடீல் தீட்டிய கண்கள்

விலை கேட்கமாட்டார். பொம்மையின் அட்டை கிழிந்திருக்கிறதா, அதன் கையிலிருந்த குட்டித் துப்பாக்கி தொலைந்துவிட்டதா என்று மற்றவர்களைப்போலத் துருவவும் மாட்டார். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, பொம்மையின் முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பி, கண்களை மட்டும் பார்ப்பார். முதலில் இடது கண், பிறகு வலது. பொம்மையே நாலங்குலம் இருக்காது. அதன் கண் கடுகில் பாதி. பார்த்து முடித்ததும் "இல்ல, இது இல்ல" என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்.

வெர்னன் ஹில்பர்டுக்கு எழுபத்து நான்கு வயது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஹாமில்டன் கண்காட்சித் திடலில் கூடும் பொம்மைச் சந்தைக்கு நாலு வருஷமாகத் தவறாமல் வருகிறார். என் மேசை கதவை ஒட்டியிருப்பதால், ஒஹாயோவின் குளிர்காற்றுக்கு அடுத்தபடியாக என்னிடம் வருவது அவர்தான். "என்ன பெர்னிஸ், இன்னிக்கு என்ன குப்பை கொண்டாந்திருக்க?" என்பார். "உன்னை மாதிரி கஞ்சன் வாங்காத குப்பை" என்பேன். எங்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்வது இப்படித்தான்.

கழுத்தில் டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பழைய ரோபோக்களையும் வால் அறுந்த டைனோசர்களையும் குடையும் கூட்டத்தில் டை கட்டிய மனிதர் ஒருவர் நடந்தால், வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று புது வியாபாரிகளுக்குக் கொஞ்சம் உதறும். மத்தியானம் எதிர்க்கடையில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி வாங்குவார். மேலே தூவிய சீஸை மட்டும் தனியாக எடுத்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார். சீஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பட்டியல்ல இருக்கிறபடி குடுக்கிறதுதானே அவங்க வேலை" என்றார். விளங்குமா இந்த மனுஷன்!

இருபத்தேழு வருஷம் சின்சினாட்டியில் ஒரு பொம்மைக் கம்பெனியின் உரிமப் பிரிவில் இருந்தார். சினிமாவிலும் டிவியிலும் வரும் ஆட்களைப் பொம்மையாக்கி விற்கப் படக் கம்பெனிகளிடம் உரிமம் வாங்க வேண்டும். வாங்கியபின் மூக்கு, முடி, சட்டைப் பித்தான் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். அந்தக் கடிதங்கள் எல்லாம் வெர்னன் மேசைவழியாகத்தான் போகும், வரும். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. போன வருஷம் எங்கள் தேவாலயத்து மீன் விருந்தில் பிள்ளைகளுக்கென்று வைத்த கேக்கில் ஏதோ ஒரு கார்ட்டூன் முகத்தை வரைந்திருந்தார்கள். "இதுக்கு அனுமதி வாங்கினீங்களா?" என்று பாதிரியாரிடமே கேட்டுவிட்டார். "மேலிடத்துல சொல்லியிருக்கேன் வெர்னன்" என்று பாதிரியார் கூரையைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். வெர்னன் மட்டும் கேக்கைத் தொடவில்லை.

அவர் மனைவி அடீல் அதே கம்பெனியில் வண்ணம் தீட்டுகிறவர். ஆலையில் லட்சக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பொம்மைக்குக் கையால் வண்ணம் பூசி மாதிரி தயாரிப்பார்கள். அதைப் பார்த்துத்தான் படக் கம்பெனி சரி சொல்லும். அதைப் பார்த்துத்தான் ஆலை வேலை செய்யும். பதினெட்டு வருஷம் அடீல் அந்த மாதிரிகளைத் தீட்டினார். கண்ணுக்கு வெறும் வெள்ளை வைத்தால் செத்த பார்வையாகிவிடும் என்று ஊசிமுனை அளவு நீலம் கலப்பாராம். ஆலைக்காரர்கள் அந்த நீலத்தைக் கண்டுகொண்டதே இல்லை. அதனால் நீலம் கலந்த வெள்ளை இருந்தால் அது அடீலின் கை. வெர்னனின் லென்ஸ் தேடுவது அதைத்தான்.

ஏன் தேட வேண்டும், வீட்டில் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒன்றுகூட இல்லை. அடீல் கையால் வண்ணம் பூசியது அந்த வீட்டில் சமையலறைச் சுவர் ஒன்றுதான். உரிமத்தின் காலம் முடிந்தால் மாதிரிகளை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அழித்தாயிற்று என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நாடு முழுக்க இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் பொம்மையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இன்று எங்கள் சந்தையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் ஆயிரமாக விலை பேசுகிற மாதிரிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். கையெழுத்தும் போட்டு, பிளாஸ்டிக் அரைக்கிற இயந்திரத்தில் பொம்மையையும் போட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து வெர்னன்தான்.

'சனிக்கிரக ரோந்து' என்று முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிவி தொடர் வந்தது. ஒரு வருஷம்கூட ஓடவில்லை. அதற்குப் பன்னிரண்டு பொம்மைகள். அதில் ரேடியோக்காரி ஜூனோவின் முகத்தை, அந்த வேஷம் கட்டிய நடிகை மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். என் கண் இப்படியா இருக்கிறது, நான் என்ன தூங்குமூஞ்சியா என்று கடிதம் வேறு. அடீல் ஒன்பது நாள் உட்கார்ந்து நாலாவது முறை தீட்டியதைப் பார்த்து அந்த அம்மாளே தொலைபேசியில் அழுதாளாம். தொடர் நின்றது, உரிமம் முடிந்தது. அரைக்க வேண்டிய நாள் வந்தபோது அடீல் வாய்விட்டுக் கேட்டார்: "இது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும் வெர்னன்." வெர்னன் சொன்னார்: "பன்னிரண்டுன்னு எழுதியிருக்கு அடீல்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று, வெர்னன் இதைச் சொன்ன அன்று கேட்டேன்.

"சரின்னா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. ராத்திரி வழக்கம்போல சூப் வச்சா." கொஞ்ச நேரம் என் மேசையிலிருந்த பொம்மைகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்ணா எண்ணித்தான் போட்டேன் பெர்னிஸ். ஜூனோ முறை வந்தப்போ மட்டும் மூஞ்சியப் பாக்க முடியல. கண்ண மூடிக்கிட்டுப் போட்டுட்டேன்."

அடீல் போய் நாலு வருஷமாகிறது. அடக்கம் முடிந்த அடுத்த மாதம்தான் வெர்னன் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தார். அதற்கு முன்னால் எங்களையெல்லாம் திருட்டுச் சொத்து விற்கிறவர்கள் என்று ஏசிய வாய்தான் அது. வேறு ஏதாவது ஒரு தொடரின் மாதிரியை, அடீல் தீட்டியதை, யாராவது கமுக்கமாக எடுத்துவைத்திருக்கமாட்டார்களா என்று அலைந்தார். ஊரில் ஒரு திருடனாவது இருந்திருக்கக்கூடாதா என்று அவர் ஏங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இந்த நவம்பர் சந்தையில், கடையெல்லாம் விரித்து முடித்த நேரம், கர்ட்டிஸ் என்று ஓர் இளைஞன் ஷூ பெட்டி ஒன்றோடு என் மேசைக்கு வந்தான். மாமாவின் நிலவறையைக் காலி செய்கிறார்களாம். மாமா டுவைட் அந்தப் பொம்மைக் கம்பெனியில் வார்ப்புக் கூடத்தில் இருந்தவர். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை. "அங்க மாசச் செலவு கழுத்தை நெரிக்குதும்மா. இதுல ஏதாவது தேறுமா பாருங்க" என்றான். எனக்கு வண்ணச் சங்கதி தெரியாது. வெர்னனைக் கூப்பிட்டேன்.

பெட்டியில் பஞ்சுக்கு நடுவே ரேடியோக்காரி ஜூனோ படுத்திருந்தாள். லென்ஸ் வைத்து இடது கண்ணைப் பார்த்தார். வலது கண்ணுக்குப் போகவில்லை. இடது கண்ணிலேயே நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பின்னால் இரண்டு பேர் காத்திருந்து அலுத்துப் போனார்கள்.

"தேறுமா சார்?" என்றான் கர்ட்டிஸ்.

நான் வெர்னனின் காதோரம் குனிந்தேன். "யோவ், ஆலையில கழிச்சுப் போட்ட சரக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. இருபது டாலர் குடு. வீட்டுக்குக் கொண்டுபோ. அந்தக் கம்பெனியும் இல்ல, படக்காரனும் இல்ல, உன்னைக் கேக்க ஆளில்ல. வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொல்லுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் லென்ஸை மடக்கிப் பையில் போட்டார். "தம்பி, இது கையால தீட்டின மாதிரி. அசல். இதை இருபதுக்கும் முப்பதுக்கும் குடுத்துடாதே. அதோ, ஃபோர்ட் வெய்ன் ஊர்லேருந்து வர்ற மார்லீன்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான் நியாயமா வாங்குவாங்க. கூட்டிட்டு வா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது இவர் பெண்டாட்டி தீட்டியதாச்சே என்று அந்தப் பையனிடம் சொல்ல வாயெடுத்தேன். வெர்னன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் பெர்னிஸ். சொன்னா அவன் சும்மா குடுத்துடுவான். நல்ல பையனாத் தெரியுது. டுவைட்டுக்கு யாரு பணம் கட்டுறது?"

கர்ட்டிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்படின்னா இதுவும் பொம்மையைச் சேர்ந்ததுதான் போல. பஞ்சுக்கு அடியில இருந்துச்சு" என்று ஒரு துண்டுக் காகிதத்தை வெர்னன் கையில் கொடுத்துவிட்டு மார்லீனைத் தேடி ஓடினான். நாலாக மடித்து மஞ்சளாகிப்போன காகிதம். வெர்னன் படித்தார். பிறகு, கேட்காமலே, நான் படிக்கும்படி என் பக்கம் திருப்பினார்.

'டுவைட், இது உங்கிட்டயே இருக்கட்டும். இதுக்குப் பதிலா ஆலைப் பொம்மை ஒண்ணை அரைக்கப்போற பெட்டியில வச்சுட்டேன். வெர்னன் காதுக்குப் போகவேண்டாம். அவர் நல்லவர், தெரிஞ்சா கொண்டுபோய் அரைச்சிடுவார். – அடீல்.'

புருஷனுக்குப் பயந்து நகையை ஒளித்துவைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். குடித்து அழித்துவிடுவான் என்று பயப்படுவார்கள். நல்லவன் என்று பயந்து ஒளித்துவைத்தவளை அன்றுதான் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் ஒரே மேசையில் சூப் குடித்துக்கொண்டு அந்த ரகசியத்தை அவள் சுமந்திருக்கிறாள். வெர்னன் அழவில்லை. "அவ எழுத்து எப்பவும் இப்படித்தான், சாய்ஞ்சு ஓடும்" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை.

மார்லீன் வந்தாள். கெட்டிக்காரி, ஆனால் ஏமாற்றுகிறவள் இல்லை. அவள் சொன்ன தொகைக்கு ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்கலாம். கர்ட்டிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை என்றாள் அவள்: உரிமப் பிரிவில் இருந்தவர் கையால் சாட்சிக் கடிதம் வேண்டும். "யார் தீட்டினது, இதைப்போல வேற இருக்கா இல்லையா, உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மூணும் எழுதணும் வெர்னன். இல்லாட்டி என்கிட்ட வாங்குறவன் நம்பமாட்டான்."

வெர்னன் டையைச் சரிசெய்துகொண்டு என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். மாதிரியைத் தீட்டியது யார் என்ற இடத்தில் வழக்கமாகக் கம்பெனி பேர்தான் போடுவார்கள். அவர் அடீல் ஹில்பர்ட் என்று எழுதினார். அடுத்த வரிகளை நான் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். 'இத்தொகுப்பில் வேறு கைமாதிரி எதுவும் இல்லை. மற்ற பதினொன்றையும் நானே என் கையால் அழித்தேன்.' கீழே கையெழுத்தும் தேதியும்.

மார்லீன் படித்துப் பார்த்தாள். குடும்பப் பெயரைக் கண்டதும் நிமிர்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. துண்டுக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளி, "இதையாவது நீங்க வச்சுக்கோங்க வெர்னன். யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றாள் மெதுவாக.

"பொம்மையோட வந்தது பொம்மையோடதான் போகணும் மார்லீன். தனித்தனியாப் போனா ரெண்டுக்கும் மதிப்பில்ல."

காகிதத்தை எடுத்து, அடீல் மடித்திருந்த அதே மடிப்புகளில் விரலை ஓட்டி ஒவ்வொன்றாக மடித்தார். பஞ்சை விலக்கி, ஜூனோவின் தலைக்கு அடியில் வைத்தார். மூடியைச் சாத்திப் பெட்டியை இரண்டு கையாலும் மார்லீன் பக்கம் நகர்த்தினார்.