எல்லைச் சாவடியில் இறக்கிய முடி

முருகனை நம்பியிருக்கும் அன்பர்களே, இது எனக்கு நடந்தது. 1976-ஆம் வருடம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஈராக்கைக் கடந்து குவைத்துக்குள் நுழையும் எல்லைச் சாவடி வாசலில், காலையிலேயே கொளுத்தும் வெயிலில், என் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா குவைத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. அவரிடம் போகவிடாமல் என்னைத் தடுத்தது என் தலைமுடி.

எங்கள் ஊர் திண்டுக்கல். அப்போது நான் மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஃபோர்மேன். ஃபர்வானியாவில் நம் பக்கத்து ஆட்களோடு ஒரே ரூமில் இருந்தார். அம்மா ஊரில். ஜெர்மனிக்குப் போன முதல் குளிர்காலமே மஞ்சள் காமாலை வந்து என்னைப் படுக்கப் போட்டுவிட்டது. அம்மா பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து எழுந்தால் ஊருக்கு வந்ததும் உன் மலையில் முடி இறக்குவான், அதுவரை அவன் தலையில் கத்தி படாது என்று. பிழைத்தேன். அன்றிலிருந்து கத்தி படவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆனதும் முடி தோளைத் தாண்டியது. தாடி வேறு. ஜெர்மனியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே பாதிப் பையன்கள் அப்படித்தான் அலைந்தார்கள். எந்தக் குழுவில் கிதார் வாசிக்கிறாய் என்று கேட்பார்கள். வேண்டுதல், பழனி, மொட்டை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி அலுத்துப்போய், கடைசியில் கிதார் வாசிப்பதாகவே ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் இரண்டு ஜெர்மன் நண்பர்களோடு ஒரு பழைய வேனில் கிளம்பினேன். ஆஸ்திரியா, யுகோஸ்லாவியா, பல்கேரியா. ரொட்டியும் தக்காளியும் சாப்பாடு, வேனுக்குள்ளேயே தூக்கம். மலைப்பாதையில் வேன் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவோம். இஸ்தான்புல்லில் அவர்கள் திரும்பிவிட, நான் மட்டும் பாக்தாத், பஸ்ரா வழியாக அப்பாவைப் பார்க்கப் போவதாகத் திட்டம். அப்பாவின் கஃபீல், அதாவது அவருக்கு அங்கே பொறுப்பு நின்ற அரபி, எனக்கு விசாவெல்லாம் வாங்கி வைத்திருந்தார். இஸ்தான்புல் தபால் நிலையத்துக்கு எழுதச் சொல்லி அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அங்கே எனக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். தந்தி எடுத்துக் கொடுத்தார்கள். அப்பாவின் ரூமில் இருந்த ஆறுமுகம் அண்ணன் அடித்திருந்தார். அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், நிலைமை மோசம், உடனே வா.

அன்றைக்கே ரயில் ஏறினேன். நாட்கணக்கில் ஓடுகிற ரயில் அது. ஜன்னல் வழியே எத்தனையோ ஊர் போயிற்று, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. முருகா, நான் போகிற வரைக்கும் அவரைப் பிடித்து வை. இது ஒன்றுதான் என் வாயில்.

அப்படி ஓடி வந்தவனைத்தான் எல்லையில் ஓர் அதிகாரி தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஐரோப்பாவிலிருந்து கஞ்சாவும் கையுமாகக் கிழக்கே போகும் ஹிப்பிகளை அந்தக் காலத்தில் பல நாடுகளில் உள்ளே விடுவதில்லை. "ஹிப்பி மாஃபி", ஹிப்பிக்கு இங்கே இடமில்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

பஸ்ராவிலிருந்து லாரி ஓட்டி வந்த ஒருவர் என் பெட்டியில் திண்டுக்கல் என்று எழுதியிருந்ததைப் பார்த்து நின்றார். காதர் பாய், கீழக்கரைக்காரர், அரபி நன்றாகப் பேசுவார். எனக்காக உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"கழுத்துக்கு மேல வெட்டிக்கிட்டா போதுங்கிறாரு தம்பி. டீக்கடைப் பக்கத்துல நாவிதர் இருக்காரு. வெட்டிட்டு வாங்க."

"அது என் முடி இல்ல பாய். பழனி முருகனோடது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி உள்ளே போனார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தலை மழிப்பதைச் சொல்லி, இதுவும் அப்படி ஒரு வேண்டுதல்தான் என்று விளக்கியிருக்கிறார். அதிகாரிக்குப் புரிந்தது. ஆனால் மேலிடத்து உத்தரவை அவரால் மீற முடியாது. எனக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்பினார்.

எனக்கு முருகன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உனக்காக வளர்த்ததை வைத்தே என் வழியை மறிக்கிறாயா? கழுத்தளவுக்குக் கத்தரித்துக்கொண்டு போகலாம். அது அவனுக்குக் கொடுப்பதாக ஆகாது, அவன் பொருளை நாவிதர் கடைத் தரையில் கொட்டுவதாகும். முழுவதும் இறக்கிவிடலாம். ஆனால் கோவிலுக்கு வெளியே ஒரு மகன் மொட்டை போட்டால் நம்மில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சாகக் கிடக்கும் அப்பா முன்னால் அந்தத் தலையோடு எப்படிப் போய் நிற்பேன்? திரும்பிப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறகு எழுந்தேன்.

முருகா, மலை உன்னுடையது என்றால் இந்த மணலும் உன்னுடையதுதான். முடியை வாங்கிக்கொள், என் அப்பாவைக் கொடு. சத்தமாகவே சொன்னேன். நாவிதர் முன்னால் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். காதர் பாய் கண்ணாடி பிடித்தார். ஒரு முடி கீழே விழாமல் என் துண்டில் ஏந்தி முடிந்துகொண்டேன். அதிகாரி என் தலையைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

எந்த ஆஸ்பத்திரி என்று தந்தியில் இல்லாததால், காதர் பாய் தன் லாரியிலேயே என்னை அப்பாவின் ரூமுக்கு, ஃபர்வானியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மத்தியானமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லீவு, ரூமில் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஆறுமுகம் அண்ணன் கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். என் தலையைப் பார்த்தார். கரண்டி கீழே விழுந்தது. "அண்ணே, போயிட்டீங்களாண்ணே" என்று அப்பாவைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உள்ளே இருந்தவர்களும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அப்பா போய்விட்டார். முடியையும் வாங்கிக்கொண்டு அவரையும் எடுத்துக்கொண்டாயே என்று தரையில் விழுந்தேன்.

வாசலில் நின்ற காதர் பாய்தான் நிதானமாக இருந்தார். சேதி எப்போது வந்தது என்று கேட்டார்.

"தம்பிதான் மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறானே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, காரியத்தை முடிச்சுட்டு வந்துட்டான்னு..." என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"மொட்டை போட்டது பார்டர்லங்க. நான்தான் கண்ணாடி புடிச்சேன்."

ஆறுமுகம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்து உலுக்கினார். "டேய், அப்பா இருக்காருடா. காலையில நான் பக்கத்துலதான் இருந்தேன். காய்ச்சல் விட்டுருச்சு. கண்ணு முழிச்சு தண்ணி கேட்டாரு. அதுக்குள்ள போயிட்டாரேன்னுதான் அழுதேன்."

நான்கு நாளாக நினைவில்லாமல் கிடந்த மனிதர், நான் எல்லையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் கண் விழித்திருக்கிறார். தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நானும் பொறியியல் படித்தவன்தான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அண்ணன் விடவில்லை. "மொட்டையா போனா அம்மாவுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சு மனுசன் பயந்துருவாரு" என்றார். அலமாரிக்குள் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருந்த சந்தனக் கட்டையை எடுத்து உரைத்து, என் தலை முழுக்க அப்பிவிட்டார். எல்லோருமாக டாக்ஸி பிடித்துப் போனோம்.

அப்பா எலும்பும் தோலுமாக இருந்தார். கண்ணைத் திறந்து என் தலையையே பார்த்தார். சந்தனத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பழனிக்கு எப்படா போன?"

"இன்னைக்குக் காலையிலதான்ப்பா" என்றேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் மூன்று பேருமாகப் பழனி மலை ஏறினோம். துண்டில் முடிந்து வைத்திருந்ததை அவன் சன்னிதியில் சேர்த்துவிட்டு, மறுபடி வளர்ந்ததையும் இறக்கினேன். வட்டியும் முதலுமாகக் கொடுத்தாயிற்று. பக்கத்து மணையில் அப்பாவும் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். அதன் பிறகு பதினெட்டு வருடம் எங்களோடு இருந்தார்.

அன்றிலிருந்து ஒரு ஆடி மாதம்கூடப் பழனிக்குப் போகாமல் இருந்ததில்லை. அன்பர்களே, உங்களையும் ஏதாவது ஒரு வாசலில் தடுத்து உட்கார வைத்திருக்கலாம். கோவில் தூரத்தில் இருக்கிறதே என்று கலங்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். எனக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்தவன் உங்களையும் கைவிட மாட்டான்.