சுவரில் இருந்த பாதிரியார்

மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஹாலில், ரேடியோவுக்கு மேலே ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. வெள்ளைத் தாடி, தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு அங்கி. மார்புக்குக் கீழே படம் முடிந்துவிடும். அவர்தான் பாதிரியார் தாத்தா. அப்பாவுக்குத் தாத்தா, எனக்கும் என் அண்ணனுக்கும் கொள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் போதகராக இருந்தவர்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் நாங்கள் வளர்ந்தோம். பரீட்சை நாளில் அதன் முன்னால் நின்று ஜெபம் செய்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவோம். நாங்கள் பொய் சொல்கிறோம் என்று பட்டால் அப்பா கையை உயர்த்தி, "மேலே ஒருத்தர் பாத்துட்டிருக்கார்" என்பார். அவர் சொன்னது கடவுளையா தாத்தாவையா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அண்ணனுக்கு நீளமான மூக்கு. அது அப்படியே பாதிரியார் தாத்தாவின் மூக்கு என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அண்ணனும் அதற்கேற்ற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பான். அம்மாவுக்கு மட்டும் அந்தப் படத்தோடு கொஞ்சம் சங்கடம். "உங்க தாத்தா கண்ணே சிமிட்ட மாட்டேங்கிறார், ஹால்ல நின்னு தலை துவட்ட முடியல" என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை அப்பா ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்குவார். பழைய செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. துடைக்கத் துடைக்க அப்பா கதை சொல்வார். சின்ன வயதில் தாத்தாவின் இடது கட்டைவிரல் கரும்பு ஆலையில் சிக்கிப் போய்விட்டதாம். "அதனாலதான் கை தெரியாதமாதிரி எடுத்திருக்காங்க பாரு." ப்ளேக் வந்தபோது ஊரே காலி செய்துகொண்டு வெளியே குடிசை போட்டுக்கொண்டதாம். தாத்தா மட்டும் வியாதிக்காரர்களோடு இருந்தாராம். அவருக்கு ஏழு பிள்ளைகளாம். அப்பாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்கு ஆறு வயதிருக்கும்போதே அவருடைய அப்பா இறந்துவிட்டார். அவருடைய அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே மாமனார் காலமாகிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற மறுவாரமே அப்பா தாத்தாவைத் தேட ஆரம்பித்தார். துணிப்பையில் ஒரு தேங்காய் நார் பிரஷ், தண்ணீர் பாட்டில், தொப்பி. நஞ்சன்கூடு, மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிற இடத்துக்கெல்லாம் போனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு லீவு கிடைக்கும் நாளில் நானும் போவேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து கல்லில் படிந்த பாசியை அவர் சுரண்டுவார். எழுத்து தெரியத் தெரிய முகம் மலரும். கடைசியில் யாராவது துரையின் பெண்டாட்டி பெயராக இருக்கும். "பாவம், இந்தம்மாவும் இங்கதான் கெடக்கறா" என்று சொல்லி அந்தக் கல்லையும் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் கொய்யா வாங்கி, பஸ்ஸிலேயே உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்போம். அம்மா போன பிறகு அப்பா சிரித்ததெல்லாம் அந்தப் பயணங்களில்தான்.

கல்லறை கிடைக்கவில்லை. ஆனால் சொந்தங்கள் சேர்ந்தன. கோலாரில் ஒருவர், பெங்களூரில் இரண்டு குடும்பம், சேலத்தில் ஒரு அத்தை என்று தாத்தாவின் ஆறு பிள்ளைகளின் வழியில் வந்தவர்களை அப்பா கண்டுபிடித்துவிட்டார். "ஆறு வரைக்கும் கணக்கு வருது. ஏழாவது எங்கேம்மா போச்சு?" என்று சாப்பிடும்போதுகூடக் கேட்பார். சின்னதிலேயே இறந்திருக்கும் என்பேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

லஷ்கர் மொஹல்லா வீட்டை விட்டுச் சரஸ்வதிபுரத்துக்கு மாறினோம். தாத்தா ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து வந்தார். கொரோனா அடங்கின பிறகு, அண்ணன் மகன் அந்தப் படத்தை செல்போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அது எங்கெங்கோ போய்ச் சுற்றியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு போன் வந்தது. சாமராஜநகரிலிருந்து ஒரு பெண் குரல், பாதி கன்னடம், பாதி தமிழ்.

"நான் ரிட்டயர்ட் டீச்சருங்க. உங்க வீட்டுல இருக்கிற போட்டோ பார்த்தேன். அதே முகம் எங்க வீட்டுலயும் இருக்கு. எங்க முத்தாத்தா அவரு, தாத்தாவோட அப்பா. நீங்க நமக்கு எப்படி உறவு ஆகணும், சொல்ரீ?"

நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். பேசி முடித்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. "ஏழாவது பிள்ளை சாமராஜநகர்ல இருந்திருக்கும்மா!"

அந்த வாரமே கிளம்பினோம். அப்பாவுக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. முந்தின நாள் முடி வெட்டிக்கொண்டார். பேக்கரியில் ப்ளம் கேக் வாங்கினோம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடமெல்லாம், "எங்க தாத்தாவோட கொள்ளுப்பேத்தியைப் பார்க்கப் போறேன்" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைவிட எட்டுப் பத்து வயது பெரியவர். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று, அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அரிசிமாவில் தட்டின அக்கி ரொட்டியும் காட்டெள்ளில் அரைத்த ஹுச்செள்ளு சட்னியும் மேஜையில் தயாராக இருந்தன. அப்பா உட்காரவேயில்லை. "படம் எங்கேம்மா?" என்றார்.

படுக்கையறைச் சுவரில் இருந்தது. எங்கள் படம் மாதிரி பெரியதில்லை, ஒரு ஸ்லேட்டு அளவுதான். ஆனால் அதில் நான்கு பேர் இருந்தார்கள். சுற்றிலும் சபை ஆட்கள் மாதிரி மூன்று பேர் நிற்க, நடுவில் நாற்காலியில் எங்கள் பாதிரியார் தாத்தா. அதே தாடி, அதே தலைப்பாகை, அதே மூக்கு. எங்கள் வீட்டுப் படத்தில் மார்போடு முடிந்துபோனவர் இங்கே கால்வரை இருந்தார். இடது கை முழங்காலின் மேல் விரிந்து கிடந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்துக்கு வெகு அருகே போனார். விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"அஞ்சும் இருக்கேம்மா" என்றார்.

"என்ன அஞ்சு, சித்தப்பா?" என்றார் டீச்சர். அதற்குள் அவரே ஒரு முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நான் கட்டைவிரல் கதையைச் சொன்னேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாக, "கட்டைவிரல் இல்லாதவரு இவரு இல்லீங்களே" என்று சொல்லிப் படத்தின் ஓரத்தைக் காட்டினார். அங்கே நாற்காலிக்குப் பின்னால், மற்றவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி, குள்ளமான கறுத்த மனிதர் ஒருவர் நின்றிருந்தார். தாடி இல்லை. வேட்டி, மேலே கோட்டு, இடது கையில் மடக்கின குடை. குடைக்காம்பைச் சுற்றி நான்கு விரல்கள். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் மழுங்கலாக இருந்தது.

"இவரு மைசூர் உபதேசியாரு. எங்க முத்தாத்தாகூட ஊர் ஊராப் போனவரு. எங்க தாத்தாவை வளர்த்தவரு."

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

டீச்சர் தன் அப்பா சொல்லக் கேட்டதைச் சொன்னார். தாடிக்காரர்தான் அப்போது குருப்பட்டம் பெற்ற பாதிரியார். எங்கள் தாத்தா அவருக்குக் கீழே உபதேசியார், பட்டம் இல்லாமல் தெருத்தெருவாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். ப்ளேக் வந்தபோது இரண்டு பேரும் ஊருக்கு வெளியே வியாதிக்காரர்களின் குடிசைகளில் கஞ்சி கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பாதிரியாரும் அவர் மனைவியும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். ஒரே ஒரு பையன், அப்போதுதான் ஓடி விளையாடுகிற வயது. எங்கள் தாத்தா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"உங்க கொள்ளுப்பாட்டி கதவைத் தொறக்கலையாம்" என்று டீச்சர் சிரித்தார். "உள்ள ஆறு பிள்ளைங்க. ப்ளேக் வீட்டுப் பிள்ளையை எப்படி விடுவாங்க? தப்புன்னு சொல்ல முடியுமா? அவரும் ஒண்ணும் பேசலையாம். புளியமரத்தடியில ஓலை சாத்தி, பையனோட அங்கேயே படுத்துக்கிட்டாராம். பாட்டி சோத்தைக் கொண்டாந்து தூரத்துல வெச்சுட்டு, அழுதுகிட்டே உள்ள போவாங்களாம். ஒரு நாள் காலைல அவங்களே வெந்நீர் வெச்சு எடுத்துட்டு வந்து, பையனைக் குளிப்பாட்டி, உள்ள கூட்டிட்டுப் போனாங்களாம். எங்க தாத்தாவுக்கு அந்த வெந்நீர்தான் மொத ஞாபகமாம்."

பையன் முதலில் அந்த விரல் இல்லாத கையைக் கண்டு பயந்திருக்கிறான். பிறகு அந்த நான்கு விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பானாம். எங்கள் தாத்தாவுக்குக் குருப்பட்டம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இறந்த நண்பரின் சபையையே அவரிடம் ஒப்படைத்தார்கள். பையன் வளர்ந்து காட்டிலாகாவில் வேலை கிடைத்துச் சாமராஜநகருக்குப் போனபோது, "உங்கப்பா முகம் உனக்கு மறந்துடக் கூடாது" என்று சொல்லி இந்தப் படத்தைக் கொடுத்து அனுப்பினார். இன்னொரு பிரதி மைசூர் வீட்டிலேயே இருந்தது. பையன் மலைக்காய்ச்சலில் சீக்கிரமே இறந்துபோனான். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது.

மிச்சம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, வாலிபத்தில் அந்தப் பிரதியை சயாஜிராவ் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போயிருக்கிறார். "இதுல இருக்கிற பாதிரியாரைப் பெருசு பண்ணிக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோக்காரர் பாதிரியார் மாதிரி இருந்தவரைப் பெரிது பண்ணிக் கொடுத்துவிட்டார். தாத்தா முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. பழைய பிரதியைக் கறையான் தின்றுவிட்டது.

திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நஞ்சன்கூடு பாலம் தாண்டினபோது என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ அவர் முன்னாடி நின்னு ராத்திரியெல்லாம் அழுதேன்மா. யாரோ ஒருத்தர்கிட்ட போய் அழுதிருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "உங்கண்ணனுக்கு போன் பண்ணு. அந்த மூக்கு நம்மளது இல்லைன்னு சொல்லு."

டீச்சர் வீட்டுப் படத்தை செல்போனில் எடுத்து வந்திருந்தேன். மைசூரில் ஒரு பிரிண்டிங் கடையில் குடைக்காரரின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலைந்து புள்ளி புள்ளியாகப் போனது. கண் எது, நிழல் எது என்று தெரியவில்லை. கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருவதாகச் சொன்னாள். செய்தும் காட்டினாள், யாரோ சினிமா நடிகர் மாதிரி இருந்தது. அப்பா வேண்டாம் என்றார். "இன்னொரு தடவை வேற ஆளை மாட்ட வேண்டாம். நாலு பேரும் நின்ன மாதிரியே போட்டுக் குடும்மா."

அந்த நால்வர் படம் ஹாலுக்கு வந்தது. தாடிக்காரரை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டான், சாமராஜநகருக்கே கொடுத்துவிடலாமே என்றான். டீச்சரும் ஆசைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, "நம்ம வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாம் பார்த்தவர். அவர் செத்துப்போன அதே ப்ளேக்ல நம்ம தாத்தா பிழைச்சுக்கிட்டார். இருக்கட்டும், ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். டீச்சருக்குத் தாடிக்காரர் படத்தை அதே அளவில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் குடும்பத்தோடு வந்தார். பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை. அப்பா கன்னடத்தில் கரும்பு ஆலைக் கதை சொன்னார். பிள்ளைகள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு பிரியாணி சாப்பிட முயன்று சட்டையெல்லாம் சிந்தினார்கள். சாப்பிட்டு முடித்து, அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே அப்பா நாற்காலியில் தூங்கிப்போனார். டீச்சர் பீரோவைத் திறந்து, யாரையும் கேட்காமல், ஒரு போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். டீச்சர் செய்தி கேட்ட அன்றே பஸ் பிடித்து வந்து, ஒரு வாரம் என்னோடு இருந்தார். அடுப்பை என்னைத் தொடவே விடவில்லை.

இப்போது நான் அவரை அக்கா என்று கூப்பிடுகிறேன். மாதம் ஒரு தடவையாவது சாமராஜநகர் போய்விடுகிறேன். போன முறை மொச்சை அவரைக்காய்க் காலம். இருவரும் கூடத்தில் முறத்தைப் போட்டு உட்கார்ந்து மத்தியானம் முழுக்க உரித்தோம். அவர் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார், நான் எக்ஸ்சேஞ்சைப் பற்றிச் சொன்னேன். தாத்தாக்களைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் உரித்த மொச்சையில் பாதியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, கடைசி பஸ் போய்விடும் என்று என்னை விரட்டினார்.