சுவரில் எண்ணெய்க் கறை

“பக்கத்துல நின்னு பாத்தது யாரு?”

கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை. படிவத்தில் நிரப்ப வேண்டிய ஏதோ ஒரு விவரத்தைப் போலத்தான் பேனாவும் கையுமாகக் கேட்டார். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பதில் சொல்ல வேண்டியவள் நான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். அதற்கு என் அக்காவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வருட இடைவெளி. அப்பா போன பிறகு வீட்டை நிறுத்தி வைத்திருப்பவள் அவள்தான். பியூட்டி பார்லரில் புருவம் எடுப்பது அவள் வேலை. அங்கே முடி வெட்டவும் முகம் கழுவிவிடவும் வேறு ஆட்கள் உண்டு. புருவத்துக்கு அக்கா மட்டும்தான். வாடிக்கைக்கு வருகிற பெண்கள் அவளை ‘நூலக்கா’ என்பார்கள்.

அந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மீதியை இரண்டு கை விரல்களிலும் மாட்டி நடுவில் முறுக்க வேண்டும். விரல்கள் விரிந்து மூடும்போது அந்த முறுக்கு ஓடிப்போய் முடியைப் பிடுங்கும். கை மட்டும் வேலை செய்தால் போதாது. கழுத்தும் கூடவே இழுத்துக் கொடுக்க வேண்டும். வந்தவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள். அக்கா அவள் முகத்தின் மேல் வில்லாக வளைந்து நிற்பாள். ஒரு நாளைக்கு முப்பது முகம், நாற்பது முகம். பதினோரு வருடம். அவளுடைய முன்பல் ஒன்றில் நூல் அறுத்த சின்னப் பள்ளம் இருக்கிறது.

“எல்லாருக்கும் உழைச்சு உழைச்சு கை தேயும். எனக்குப் பல்லு தேயுது பாரு,” என்பாள்.

கூட்டம் இல்லாத நேரத்தில் தோள் பிடித்துவிடுவதும் அவள்தான். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தோளை அமுக்கி, “என்னக்கா இது, கல்லு மாதிரி இருக்கு? போனைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க. மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடங்க,” என்று ஊருக்கெல்லாம் சொல்வாள். அவர்கள் அப்படியே சொக்கித் தூங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு வெறும் தரையில் மல்லாந்துவிடுவாள். தலை தரையில் படாது. தலைக்கும் தரைக்கும் நடுவில் என் உள்ளங்கை போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். அதை நான் விளையாட்டாக அளந்து பார்த்திருக்கிறேன். அது வலியின் அளவு என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் அவளுடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. தேநீர் டம்ளர் கையிலிருந்து நழுவியது. முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் முறை நழுவியபோது சிரிக்கவில்லை. அந்த இரண்டு விரல்தான் அவளுக்குச் சோறு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் நரம்பு அழுந்துகிறது, இப்போதே கவனித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் பிசியோதெரபிஸ்ட். வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கழுத்து டாக்டர்’. நானும் கூடப் போயிருந்தேன். பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் சும்மா இருந்த நாட்கள் அவை.

அவர் சொன்னது எல்லாமே எளிமையானது. காலையில் பத்து நிமிடம் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணி கழுத்தில். தோளைக் காது வரை தூக்கி, மூச்சோடு சேர்த்துக் கீழே விடுவது. வாசற்காலின் இரண்டு பக்கமும் முன்கையை ஊன்றி ஒரு அடி முன்னால் வைத்து நெஞ்சை விரிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவர். குதிகால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்க, இடுப்பும் முதுகும் சுவரில் பட, தாடையை இழுப்பறையை மூடுவதுபோல நேராகப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

“தலை செவுத்துல படலைன்னா பரவாயில்ல. துண்டை மடிச்சுப் பின்னால வைங்க. ஆனா தலை படணும்னு தாடையை மேல தூக்கிடக் கூடாது. தூக்கினா அதே நரம்பு இன்னும் அழுந்தும்,” என்றார்.

“தூக்கினா எனக்கே தெரியாதா சார்?” என்றாள் அக்கா.

“தெரியாதும்மா. வளைஞ்சே பழகின உடம்புக்கு வளைஞ்சதுதான் நேருன்னு தோணும். கண்ணாடியும் முன்பக்கம்தான் காட்டும். பக்கத்துல நின்னு ஒரு ஆள் பாக்கணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ வீட்டுலதானே இருக்கே?”

அன்றிலிருந்து அக்கா என்னை ‘சூப்பர்வைசர் மேடம்’ என்று கூப்பிட்டாள்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: கடையில் நாற்காலியை உயர்த்தி, அதில் சாய்கிறவரின் முகத்தை அக்காவின் முழங்கை உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் காலையில் நிமிர்த்தியதை மாலைக்குள் கடை வளைத்துவிடும்.

அக்கா கேட்டாள். பார்லர் முதலாளியம்மா, “நாற்காலியை ஏத்தணுமா? ஏண்டி, நீ கொஞ்சம் குனிஞ்சா ஆகாதா?” என்றார். பதினோரு வருடமாகக் குனிந்தவளிடம் அப்படிச் சொன்னார்.

அக்கா விடவில்லை. தச்சரிடம் கேட்டு நான்கு மரக்கட்டைகள் வாங்கி, குழி வெட்டி, நாற்காலியின் கால்களை அவற்றில் உட்கார வைத்தாள். இரண்டு நாள் நிமிர்ந்து நின்று வேலை செய்தாள். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் தரையில் படுக்காமல் நேராக வந்து என்னோடு சண்டை போட்டாள், அவ்வளவு தெம்பு. மூன்றாம் நாள், கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளர், “என்ன நூலக்கா, புருவம் எடுக்கப் போறீங்களா, பல்லு பிடுங்கப் போறீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை. “கடை நாற்காலிக்குக் கட்டைக்கால் மாட்டி அசிங்கம் பண்ணாதே,” என்று அன்றே கழற்றச் சொன்னார்.

கட்டைகள் வீட்டுக்கு வந்தன. ஒன்றை அம்மா கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். இனி அக்காவுக்கு மிச்சம் இருந்தது காலைச் சுவர் மட்டும்தான்.

முதல் பத்து நாள் நான் ஒழுங்காகப் பார்த்தேன். துண்டை நானே நான்காக மடித்து வைப்பேன். “தாடை ஏறுது” என்பேன். “உத்தரவு மேடம்” என்று இறக்குவாள். டம்ளர் நழுவுவது குறைந்தது. விரல் நுனியில் மட்டும்தான் இப்போது மரப்பு என்றாள்.

பிறகு எனக்கு அலுத்துவிட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் படங்கள் என் போனில் வந்துகொண்டே இருந்தன. நான் மட்டும் ஒரு சுவரையும் ஒரு கழுத்தையும் காவல் காக்கிறேன் என்று எரிச்சல். பாயில் சுருண்டுகொண்டு, போனைப் பார்த்தபடியே, அவள் “நேரா இருக்கேனா?” என்று கேட்டால் “ம்” என்பேன்.

“போனைப் பாக்குற கண்ணை ஒரு நிமிஷம் அக்கா பக்கம் திருப்பினா அவிஞ்சா போயிடும்?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

“பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.”

ஒரு நாள் அக்கா குழந்தை மாதிரி கூப்பிட்டாள். “மேடம், இங்க பாரு. துண்டே இல்ல. தலை செவுத்துல படுது. நேரா இருக்கேனா?”

“சூப்பர்,” என்றேன். கண்ணை எடுக்கவில்லை.

ஒரு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் அம்மா திட்டினாள். “சுண்ணாம்பு அடிச்சு வருஷம்கூட ஆகல. செவுத்துல யாருடி எண்ணெயைத் தேச்சு வச்சது?” பார்த்தேன். அக்கா நிற்கிற இடத்தில், தலை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறை. துண்டு நடுவில் இருந்திருந்தால் சுவரில் எண்ணெய் ஏறியிருக்காது. துண்டில்லாமல் தலை எப்படி இவ்வளவு சீக்கிரம் சுவரைத் தொட்டது என்று நான் யோசித்திருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறு வாரம், கடையில் ஒரு பெண்ணின் இடது புருவத்தில் அக்காவின் கை ஓடிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. நூல் தடம் மாறி, புருவத்தின் வால் பக்கம் பாதியை வழித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். அக்கா அவளிடம் பத்து முறை மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதும் நூல் விரலில் மாட்டியே இருந்ததாம். அதைக் கழற்ற முடியவில்லை.

கழுத்து டாக்டரின் அறைக்கு மறுபடியும் போனோம்.

“பயிற்சி விட்டுட்டீங்களா?”

“ஒரு நாளும் விடல சார். இப்பல்லாம் துண்டே வேண்டாம் எனக்கு.” பெருமையாகச் சொல்லிவிட்டு, அவர் கேட்காமலேயே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவர் பக்கவாட்டில் போய் நின்றார். நானும் அப்போதுதான், இத்தனை நாளில் அப்போதுதான், பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். தாடை மேலே ஏறியிருந்தது. கூரையில் ஒட்டடை தேடுகிறவள் மாதிரி நின்றாள். கழுத்தின் பின்பக்கம் மடிந்து, தோலில் இரண்டு கோடு விழுந்திருந்தது. தலை சுவரில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

அக்காவின் முகம் மாறியது. “நேரா இல்லையா சார்?”

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பக்கத்துல நின்னு பாத்தது யாரு?

அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“இவதான் சார். பாவம், தினமும் சொல்லத்தான் செஞ்சா. நான்தான் கேக்கல.”

அவர் எழுதிக்கொண்டார். கடையில் குனிந்ததும் சேர்ந்துதான் செய்திருக்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். விரலுக்குப் பழைய பலம் வரலாம், வராமலும் போகலாம். எப்படியானாலும் பல மாதம் ஆகும். அதுவரை புருவ வேலை கூடவே கூடாது. பேருந்தில் திரும்பி வரும்போது நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “விடு,” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னை ‘சூப்பர்வைசர் மேடம்’ என்று அவள் கூப்பிடவில்லை.

பார்லரில் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கவும், தரை கூட்டவும், போன் எடுக்கவும் வைத்துக்கொண்டார்கள். நூலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். என் வயதுதான். முதல் நாளே, “இந்த நாற்காலில என்னால முடியாது, இடுப்பு போயிடும்,” என்றாளாம். பத்தாம் நாள் காலால் மிதித்தால் மேலே ஏறுகிற நாற்காலி வந்துவிட்டது. அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் துடைத்து வைத்தது அக்கா.

“நான் கேட்டப்ப இல்லன்னீங்களேம்மா,” என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

முதலாளியம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். “வாங்கித் தரலைன்னா அவ நாளைக்கே வேற கடைக்குப் போயிடுவா. நீ எங்க போகப் போறே?”

வீட்டுக்கு வந்து அதை அப்படியே எங்களிடம் சொன்னாள். அம்மா அந்த முதலாளியம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நான் சேர்ந்து ஏசவில்லை. கூடப் பிறந்தவள் எங்கேயும் போய்விட மாட்டாள் என்ற தைரியத்தில்தானே நானும் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்?

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தினமும் காலையில் துண்டை மடித்து வைக்கிறேன். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பக்கவாட்டில், மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அது இதுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். “நேரா இருக்கேனா?” என்று கேட்பதில்லை. தாடை ஏறினால் “தாடை” என்கிறேன். இறக்குகிறாள். பத்து நிமிடத்தில் எங்களுக்குள் நடக்கிற பேச்சு அந்த ஒரு சொல்தான்.

கட்டைவிரல் கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆள்காட்டி விரல் இன்னும் முழுதாக மூடவில்லை. போன வாரம் அவள் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, பல்லில் நூலைக் கடித்து, தன் முழங்காலில் இருந்த முடியை எடுக்கப் பார்த்ததை நான் கண்டேன். முறுக்கு ஓடவில்லை. நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

சுவரில் கறை மங்கலாக இன்னும் இருக்கிறது. எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. இந்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் தையல் மெஷினிலோ, கணினியிலோ, வெட்டுமேடையிலோ, யாரோ ஒருவரின் முகத்தின் மேலோ நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர் யாராவது இருப்பார். இதை அவருக்குக் கொடுங்கள். அவர் படித்து முடித்ததும் அவரிடமிருந்து வாங்கி, அவர் வீட்டில் சும்மா இருக்கிற ஆளிடம் கொடுங்கள். அந்த ஆள் கையில் போன் இருந்தால், அதை வாங்கி வைத்துவிட்டுக் கொடுங்கள்.